சம்பள நாள் இல்லாத பண்டிகை

கிறிஸ்மஸ் டிசம்பர் 25 அன்றுதான் வரும் என்பது ஜனவரியிலேயே தெரியும். ரம்ஜானைப் போலப் பிறை பார்க்க வேண்டியதில்லை. தீபாவளியைப் போல அக்டோபருக்கும் நவம்பருக்கும் இடையே நகர்வதும் இல்லை. இருந்தும் செகந்திராபாத் ஜெனரல் பஜாரிலும் ஹைதராபாத்தின் ஆபிட்ஸ், சுல்தான் பஜார் கடைவீதிகளிலும் கிறிஸ்மஸ் துணி எடுக்கும் கூட்டம் 23, 24 தேதிகளில்தான் முட்டி மோதுகிறது. பிள்ளையின் முதுகில் சட்டையை வைத்து அளவு பார்க்கும் அப்பா ஒரு கடையில், புடவைத் தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஜாக்கெட் துணி தேடும் அம்மா எதிரே உள்ள மேட்சிங் சென்டரில், செருப்புக் கடை வாசலில் பைகளுக்குக் காவலாகப் பாட்டி என்று ஒரே குடும்பம் மூன்று இடத்தில் நிற்கும். பார்க்கிறவர்களுக்கு உடனே ஒரு தீர்ப்பு வந்துவிடுகிறது: "ஒரு மாசம் முன்னாடியே வாங்கித் தொலைத்தால் என்ன?" சோம்பல், திட்டமின்மை, கடைசி நேரத்து ஆட்டம் என்று அதற்கு மூன்று பெயரும் தயாராக இருக்கின்றன. இந்தத் தீர்ப்பு தவறு என்பதே என் வாதம். குற்றத்தைக் குடும்பத்தின் குணத்தில் தேடுகிறோம். அது பணம் கைக்கு வரும் தேதியில் ஒளிந்திருக்கிறது.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். செகந்திராபாத், மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806-இல் எழுந்த பாளைய நகரம். மதராஸ் ராணுவம் தங்கிய இடம் என்பதால் சிப்பாய்களோடும் பாளையத்தை நம்பிப் பிழைத்தவர்களோடும் தமிழும் இங்கே வந்து தங்கிவிட்டது. தமிழ் ஆராதனை நடக்கும் சபைகள் இன்றும் உண்டு. பிறகு ரயில் வந்தது. 1966 அக்டோபர் 2-ஆம் தேதி உருவான தென்மத்திய ரயில்வேயின் தலைமையகம் இங்கேதான். பாளையம், ரயில்வே, மிஷன் பள்ளி, மிஷன் ஆஸ்பத்திரி என்று மாதச் சம்பளக்காரர்களை வளர்த்த ஊர் இது. ஜெனரல் பஜாரின் குறுகலான துணிக்கடைச் சந்துகளும், உஜ்ஜயினி மகாங்காளி கோயிலும், ஜேம்ஸ் ஸ்ட்ரீட் என்று பெரியவர்கள் இன்னும் சொல்லும் எம்.ஜி. ரோடும், மோண்டா மார்க்கெட்டும் நடந்து போகும் தூரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரே நாளில் துணி, செருப்பு, ஸ்டார், கேக், கறிக்கு வேண்டிய மசாலா என்று எல்லாவற்றையும் முடிக்க நினைக்கும் குடும்பத்துக்கு இதைவிட வசதியான இடம் அமையாது. மாதச் சம்பளத்தின் தாளத்துக்கு ஆடும் ஊர் என்பதால், அந்தத் தாளத்தில் கிறிஸ்மஸ் எங்கே விழுகிறது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

ரயில்வே ஊழியர்களுக்கு 78 நாள் சம்பளத்துக்கு ஈடான உற்பத்தித்திறன் போனஸ் ஆண்டுதோறும் வருகிறது. சமீப ஆண்டுகளில் அதன் உச்சவரம்பு 17,951 ரூபாய். அது கைக்கு வருவது துர்கா பூஜை, தசராவுக்கு முன்னால். தெலங்கானாவின் நிலக்கரி நிறுவனமான சிங்கரேணி தன் லாபப் பங்கைத் தொழிலாளர்களுக்குக் கொடுப்பது தசராவை ஒட்டி, போனஸ் தீபாவளியை ஒட்டி. தனியார் நிறுவனங்களும் ஜவுளிக்கடைகளும் அதே வழிதான். தமிழ்நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆலையிலும் கடையிலும் தீபாவளி போனஸ், அரசின் 'சி', 'டி' பிரிவு ஊழியர்களுக்குப் பொங்கல் போனஸ். கேரளத்தில் ஓணம். இந்தப் போனஸ் வரைபடத்தில் டிசம்பர் என்ற மாதமே இல்லை. அவ்வளவு ஏன், துணிக்கும் கேக்குக்கும் ஜி.எஸ்.டி. குறைக்கப்பட்ட தேதியைப் பாருங்கள். 2,500 ரூபாய் வரையிலான உடைகளுக்கு 5 விழுக்காடு, கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் 18-இலிருந்து 5 என்ற புதிய வரி 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி, நவராத்திரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. வரிகூடத் தசராவைப் பார்த்துத்தான் குறைகிறது! இதில் யாருடைய சதியும் இல்லை. பெரும்பான்மையினர் கொண்டாடும் பண்டிகையை ஒட்டிப் பணம் கொடுப்பது நிர்வாகத்துக்கு எளிது, அவ்வளவுதான். ஆனால் விளைவு என்ன? செகந்திராபாத்தில் ஒரு கிறிஸ்தவ ரயில்வே ஊழியரின் போனஸ், அவர் பண்டிகைக்கு இரண்டு, மூன்று மாதம் முன்பே வந்து, பள்ளிக் கட்டணமாகவும் பழைய கடனுக்கு வட்டியாகவும் கரைந்துவிடுகிறது. வீட்டுக்காரர் தசராவுக்கு வாடகை பாக்கி கேட்பார். கிறிஸ்மஸ் வரை பொறுத்திருக்க மாட்டார்.

போனஸ்தான் இல்லை, சம்பளம் இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, என் வாதத்தின் மிகப் பலவீனமான இடமும் இதுதான் என்பதால் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வந்தாக வேண்டும். அப்படியானால் டிசம்பர் 8-ஆம் தேதியே துணி எடுத்துவிடலாமே, ஏன் பதினைந்து நாள் தள்ளுகிறார்கள்? விடை, கையில் இருக்கும் பணத்துக்கும் வாங்கிய துணிக்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது. பணம் நாளைக்கு மருந்தாகும், பஸ் செலவாகும், இறந்த வீட்டுக்குப் போகும் வழிச்செலவாகும். துணி துணியாக மட்டுமே இருக்கும். சேமிப்பு என்று தனியாக எதுவும் இல்லாத வீட்டில் மாதத்தின் நடுவில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எடுத்துக்கொடுக்க அந்த ஐயாயிரமோ எட்டாயிரமோதான் உண்டு. அதை 8-ஆம் தேதியே புடவையாக்கிவிட்டால் அப்புறம் வட்டிக்கடைதான். ஆகவே குடும்பம் காத்திருக்கிறது. வாடகை போய், சீட்டுப் பணம் போய், தவணை போய், இனி இந்த மாதத்தில் ஆபத்து எதுவும் வராது என்று ஓரளவு தெரிந்த பிறகுதான் பண்டிகைப் பணத்தைத் தொடுகிறது. அந்தத் தெளிவு கிடைக்கும் நாள் 20-ஐத் தாண்டித்தான் வரும். நிதி ஆலோசகர்கள் அவசரக்கால நிதி என்று சொல்லிக்கொடுப்பதை இந்தக் குடும்பங்கள் யாரும் சொல்லாமலே செய்கின்றன. வங்கியில் போட்டால் விவேகம், கையில் பிடித்து வைத்தால் சோம்பலா?

இன்னொன்றும் உண்டு. மாதச் சம்பளமே இல்லாதவர்கள். வீட்டு வேலை செய்கிறவர், கார் ஓட்டுகிறவர், கட்டட வேலைக்காரர் இவர்களுக்குப் பண்டிகைப் பணம் என்பது முதலாளி மனம் வைத்துக் கொடுக்கும் இனாமோ முன்பணமோதான். அதைக் கொடுப்பவர்கள் 5-ஆம் தேதி கொடுப்பதில்லை. பண்டிகைக்கு ஒருநாள், இரண்டு நாள் இருக்கும்போது, "இந்தா, பசங்களுக்குத் துணி எடு" என்று கொடுப்பதுதான் வழக்கம். 23-ஆம் தேதி மாலை கிடைத்த பணத்தை எடுத்துக்கொண்டு 24-ஆம் தேதி காலை பஜாருக்கு வருகிறவரைப் பார்த்துத் திட்டமில்லாதவர் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

பணத்தை அடுத்து, நாள். தெலங்கானா அரசின் பொது விடுமுறைப் பட்டியலில் டிசம்பர் 25-உம் உண்டு, 26-உம் உண்டு. தமிழ்நாட்டில் இல்லாத சலுகை இது. ஆனால் 24 அந்தப் பட்டியலில் இல்லை. கொண்டாடிக் களைத்தபின் ஓய்வு கிடைக்கிறது, தயாராவதற்குக் கிடைக்கவில்லை. பள்ளிகளிலும் அப்படித்தான். தசராவுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம், சங்கராந்திக்கு ஒரு வாரத்தை ஒட்டி விடுமுறை விடும் மாநிலத்தில் கிறிஸ்மஸுக்கு மிஷனரிப் பள்ளிகளுக்கு மட்டுமே சில நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கிறது. அதுவும் 23-ஐ ஒட்டித்தான் தொடங்குகிறது. அப்பாவின் ஷிப்டு, அம்மாவின் வேலை, பிள்ளைகளின் பள்ளி மூன்றும் ஒன்றாக விடும் நாள் வேண்டுமானால் 23-க்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகள்தான் உண்டு. டிசம்பர் ஞாயிறு ஆராதனைக்கும் கேரல் பயிற்சிக்கும் போய்விடும். ஊரிலிருந்து யார் வருகிறார்கள் என்பதும் கடைசியில்தான் தெரிகிறது. 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. சார்மினார் எக்ஸ்பிரஸில் காத்திருப்போர் பட்டியலில் தொங்கும் மைத்துனருக்குச் சட்டை எடுப்பதா வேண்டாமா என்பதைச் சார்ட் போட்ட பிறகுதான் முடிவு செய்ய முடியும்.

குடும்பமே சேர்ந்து போவதில் இருக்கும் லாபத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று கிறிஸ்மஸ் பரிசுகளைப் பற்றியது. கொடுப்பவர் செலவிட்ட தொகையைவிட வாங்குபவர் அந்தப் பொருளுக்குத் தரும் மதிப்பு குறைவு. அந்த இடைவெளி பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகிறது என்பது அவர் கணக்கு. வண்ணத்தாளில் சுற்றி மரத்தடியில் ஒளித்து வைக்கும் வழக்கத்துக்கு அது பொருந்தும். நம்மூர்க் கிறிஸ்மஸில் பரிசு என்றால் புதுத்துணி. அதை உடுத்தப் போகிறவர் கடையிலேயே நின்று, "இந்தக் கலர் வேண்டாம்" என்று முகத்தைச் சுளித்து, நாலைந்தைப் புரட்டிப் பார்த்து, அம்மாவோடு சண்டை போட்டு எடுக்கிறார். வால்ட்ஃபோகல் சொன்ன வீணடிப்புக்கு இங்கே இடமே இல்லை. எல்லாரும் ஒரே நாளில் வந்தால்தான் இது நடக்கும்; எல்லாருக்கும் ஒரே நாள் கிடைப்பது கடைசியில்தான்.

தையல் பழக்கமும் மாறியிருக்கிறது. கட்பீஸ் வாங்கித் தையற்காரரிடம் கொடுத்த காலத்தில் கடைசி நேரம் என்ற ஆடம்பரமே கிடையாது. நவம்பரில் கொடுத்தால்தான் 24-ஆம் தேதி ராத்திரியாவது வரும். டிசம்பர் பாதியில் போனால் "ஆர்டர் எடுப்பதில்லை" என்ற அட்டை தொங்கும். ரெடிமேட் வந்த பிறகே 24-ஆம் தேதி மாலை வாங்கி 25 அதிகாலை ஆராதனைக்கு உடுத்திப் போவது சாத்தியமானது. இன்றும் ரெடிமேடுக்கு அடங்காதது பெண்களின் ஜாக்கெட்தான். அதனால்தான் பல வீடுகளில் அம்மாவின் புடவை மட்டும் முன்கூட்டியே எடுக்கப்படுகிறது, அல்லது பழைய ஜாக்கெட்டுக்குப் பொருந்தும் புடவையாக எடுக்கப்படுகிறது. திட்டமிடத் தெரியாதவர்கள் செய்யும் காரியமா இது?

"கடைசி நாளில் விலை ஏறிவிடும், நஷ்டம் உங்களுக்குத்தான்" என்பார்கள். பொருளுக்குப் பொருள் வேறுபடும். காகித ஸ்டாருக்கும் குடில் பொம்மைக்கும் ஜிகினா மாலைக்கும் 24-ஆம் தேதி இரவோடு ஆயுள் முடிகிறது. மிச்சத்தை அடுத்த டிசம்பர் வரை மூட்டை கட்டி வைக்க நடைபாதை வியாபாரிக்கு இடம் ஏது? பேரம் பேசத் தெரிந்தவருக்கு அன்று மாலைதான் நல்ல நேரம். துணிக்கு அப்படி இல்லை. மூன்று வாரத்தில் சங்கராந்தி இருப்பதால் கடைக்காரர் பதற மாட்டார், விலையும் இறங்காது. ஆனால் ஏறுவதற்கும் பெரிய காரணம் இல்லை. நஷ்டம் உண்மையிலேயே வருவது அளவில். குழந்தைகளின் நடுத்தர அளவுகள் முதலில் தீர்ந்துபோகும். எட்டு வயதுப் பிள்ளை பத்து வயதுச் சட்டையில் ஆலயத்துக்குப் போகும். இந்த நஷ்டத்தை ஒப்புக்கொள்கிறேன். கேக்குக்கு விலை இறங்காது, அதனால் அதில் கணக்கே வேண்டாம். அச்சு முறுக்கும் கலகலாவும் வீட்டிலேயே சுடுகிறவர்களுக்குப் பிளம் கேக் ஒரு கிலோ போதும்.

பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்கே வந்துவிடும்போது பஜாரில் ஏன் இடிபட வேண்டும் என்பது இன்றைய கேள்வி. மாவும் நெய்யும் அப்படி வரட்டும். புடவையின் நிறத்தைக் கைபேசித் திரையில் நம்ப முடியாது, பேரமும் பேச முடியாது. போக்குவரத்துச் செலவும் இந்த ஊர் மக்களில் ஒரு பெரிய பகுதிக்கு இல்லாமல் போயிற்று: 2023 டிசம்பர் 9-ஆம் தேதியிலிருந்து மகாலட்சுமித் திட்டத்தில் மாநில அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பாட்டி, அம்மா, மகள் மூவரும் புறநகரிலிருந்து செகந்திராபாத் வந்து போக ஒரு பைசா ஆகாது. டிக்கெட் எடுக்க வேண்டியவர் அப்பா மட்டும்தான். முதல் நாள் வந்து விலை பார்த்துவிட்டு மறுநாள் வந்து வாங்கும் உரிமை காரில் வருகிறவர்களுக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது. அது இப்போது பேருந்துப் பயணிக்கும் வந்திருக்கிறது.

ஆனால் ஒரு மறுப்பை இப்படிக் கடந்துவிட முடியாது. கடைசி நேரக் கூட்டத்தின் சுமையைத் தூக்குவது கடை ஊழியர்கள். காலையிலிருந்து நின்றபடி ஆயிரம் புடவையை விரித்து மடிக்கும் பெண்ணுக்கும் வீட்டில் பண்டிகை உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஃப்ளாரன்ஸ் கெல்லியின் தலைமையில் இயங்கிய நுகர்வோர் சங்கம், கடைப் பெண்களின் நள்ளிரவு உழைப்பைச் சுட்டிக்காட்டி "முன்கூட்டியே வாங்குங்கள்" என்று மக்களைக் கேட்டுக்கொண்டது. அந்த அக்கறை சரி. ஆனால் அதை வாங்குபவரின் மனசாட்சியிடம் மட்டும் விட்டது போதவில்லை. வேலை நேரத்துக்குச் சட்டம் வேண்டியிருந்தது, கெல்லியே அதற்கும் போராடினார். நம் பக்கத்திலும் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2018-இல் கேரளமும் 2021-இல் தமிழ்நாடும் சட்டமே திருத்தின. கூட்டம் ஒரு வாரத்துக்குப் பரவினால் அந்தப் பெண்ணுக்கும் நல்லது. பரவ வேண்டுமானால் பணம் முன்னால் வர வேண்டும்.

ஆடம்பரம் என்ற குற்றச்சாட்டும் உண்டு. தொழுவத்தில் பிறந்தவருக்குப் பட்டுப்புடவை எதற்கு என்று கேட்பவர்கள், ஆறாவது நிஜாம் மஹபூப் அலிகானை நினைத்துக்கொள்ளலாம். புரானி ஹவேலியில் அவருடைய நீண்ட மர அலமாரி இன்றும் காட்சிக்கு இருக்கிறது. ஒருமுறை உடுத்தியதை மறுமுறை தொடமாட்டார் என்பார்கள். அவருடைய உடைகளைக் கவனித்த ஆல்பர்ட் ஆபித் என்ற ஆர்மீனியர் நடத்திய கடையின் பெயரால்தான் ஆபிட்ஸ் ஆபிட்ஸ் ஆயிற்று. ஆடம்பரம் என்றால் அது. ஆண்டுக்கு ஒருமுறை நான்கு பேருக்கு நான்கு உடுப்பு எடுப்பதை அந்தச் சொல்லால் குறிக்கக் கூடாது. உடை என்பது மானத்தின் விஷயமாக இருந்த வரலாறு தமிழர்களுக்குத் தெரியாததல்ல. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கு 1859 வரை போராட வேண்டியிருந்தது. அதில் முன்னால் நின்றவர்கள் கிறிஸ்தவப் பெண்கள். தெலங்கானாவிலும் மிஷனுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஹைதராபாத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் மெதக் பேராலயம், சார்லஸ் வாக்கர் பாஸ்னெட் என்ற மிஷனரியின் முயற்சியில், பஞ்ச காலத்து மக்களுக்கு வேலையும் சோறும் கொடுத்துக் கட்டப்பட்டு, 1924-ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் நாளில்தான் பிரதிஷ்டை ஆனது. அன்று சோற்றுக்குக் கல் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று விலைச்சீட்டைப் புரட்டிப் பார்த்துத் துணி எடுக்கிறார்கள் என்றால், அதை ஆடம்பரம் என்று பிரசங்கிக்கிறவர் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

இதே ஊரில் கடைசி நேரக் கடைவீதியை அழகென்று கொண்டாடும் வழக்கமும் இருப்பதுதான் வேடிக்கை. ரம்ஜான் மாதத்தில் சார்மினாரும் பத்தர்கட்டியும் விடிய விடிய விழித்திருக்கின்றன. பிறை தெரிந்த 'சாந்த் ராத்' இரவில் வளையலும் மருதாணியும் வாங்கும் கூட்டத்தைப் படம் எடுக்க வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். அதைச் சோம்பல் என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. அரசையே பாருங்களேன். தெலங்கானா தனி மாநிலமான பிறகு ஏழைக் கிறிஸ்தவர்களுக்கு அரசு சார்பில் துணிப் பொதி வழங்கும் வழக்கம் ஏற்பட்டது, எல்.பி. ஸ்டேடியத்தில் முதலமைச்சரின் விருந்தும் நடக்கிறது. பொதி கொடுத்ததும் விருந்து வைப்பதும் டிசம்பர் 20-ஐ ஒட்டித்தான். ஆண்டு முழுவதுக்கும் முன்பே பட்ஜெட் போடும் அரசுக்கே 20-ஆம் தேதிதான் கிறிஸ்மஸ் நினைவு வருகிறது. மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு 23-ஆம் தேதி வருவது பெரிய தாமதம் இல்லை.

இதைச் சரிசெய்யப் புதிய சட்டம் தேவையில்லை என்பதுதான் இதில் மிக எளிமையான பகுதி. 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டமும் சரி, அதன் இடத்துக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பும் சரி, கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் போனஸைக் கொடுத்துவிட வேண்டும் என்கின்றன. மார்ச் 31-இல் கணக்கு முடிக்கும் நிறுவனத்துக்கு அந்தக் கெடு நவம்பர் 30. தசராவுக்கே கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அது வழக்கம் மட்டுமே. எல்லாருக்கும் நவம்பரில் கொடுங்கள் என்று கேட்கவில்லை. தசராவுக்கா, தீபாவளிக்கா, நவம்பர் கடைசியிலா என்று ஊழியரிடமே ஒரு கேள்வி கேட்கலாம். முன்னால் வாங்கினால் அதுவும் செலவாகித்தான் போகும் என்று நினைப்பவர்கள் முன்னாலேயே வாங்கிக்கொள்ளட்டும். சம்பளப் பட்டியல் தயாரிக்கும் அலுவலர் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: வரும் ஆகஸ்டில் போனஸ் சுற்றறிக்கை எழுதும்போது அந்தக் கேள்விக்கு ஒரு வரி சேருங்கள்.